1954இன் கேள்விக்கு 1966இன் பதில்

சென்ற வருடம் மார்ச் மாதம் எங்கள் அலுவலகத்தில் எல்லோருக்கும் ஒரு மெயில் வந்தது. எங்கள் டீமின் மேனேஜர் வேறு பிரிவுக்குப் போகிறார். அந்த இடத்துக்கு உள்ளே இருப்பவர்களே விண்ணப்பிக்கலாம். கடைசித் தேதி 28. நான் எட்டு வருடமாக அதே டீமில் இருக்கிறேன். எந்தக் கோடு எந்த மழைக்கு ஒழுகும் என்று எனக்குத் தெரியும். "அப்ளை பண்ணிட்டீங்களா?" என்று இரண்டு நாளில் மூன்று பேர் கேட்டார்கள். மூவருக்கும் ஒரே பதில்தான் சொன்னேன். "நமக்கு எதுக்குங்க அதெல்லாம்."

அந்த வார இறுதியில் விருதுநகருக்குப் போயிருந்தேன். அம்மா முற்றத்தில் சாக்கை விரித்து மிளகாய் வற்றலுக்குக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னேன். சொல்லும்போதே குரலில் கொஞ்சம் தியாகம் ஏறிவிட்டது. "நம்ம ஊர்க்காரரு காமராஜரு பிரதமர் பதவியையே வேணாம்னாரு. நமக்கு இந்த மேனேஜர் பதவி எம்மாத்திரம்?"

அம்மா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "அவரு ஒம்போது வருசம் முதல்மந்திரியா இருந்தாருல்லய்யா? அதை வேணாம்னா சொன்னாரு?"

என்னிடம் பதில் இல்லை. ஊரிலிருந்து பெங்களூருக்குத் திரும்பிய ராத்திரி பஸ்ஸில் தூக்கம் வரவில்லை. அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு அடுத்த இரண்டு வாரம் காமராஜரைத்தான் படித்தேன். அதில் தேறியதுதான் இந்தக் கட்டுரை.

*

எங்கள் ஊரில் வளரும் பிள்ளைக்குக் காமராஜரைத் தனியாகப் படிக்க வேண்டியதில்லை என்றுதான் தோன்றும். ஜூலை 15 வந்தால் பள்ளிக்கூடத்தில் பேச்சுப்போட்டி. அப்பா இல்லாத பிள்ளை, ஆறாம் வகுப்போடு நின்ற படிப்பு, மாமாவின் ஜவுளிக்கடை, கதர்ச் சட்டை, சத்துணவுக்கு முன்னோடியான மதிய உணவு, கடைசியில் "பதவி ஆசை இல்லாத மாமனிதர்." நானே மூன்று தடவை அப்படிப் பேசி டம்ளர் பரிசு வாங்கியிருக்கிறேன்.

அந்தக் கடைசி வரிதான் சிக்கல். பதவி ஆசை இல்லை என்று சொல்லிவிட்டால், பதவியைப் பற்றி அவர் யோசித்ததெல்லாம் மறைந்துவிடுகிறது. காமராஜர் வாழ்க்கையில் பதவி குறித்து ஐந்து பெரிய முடிவுகள் தெரிகின்றன. 1940இல் ஒன்றுக்குப் போட்டியிட்டார். 1941இல் ஒன்றை விட்டார். 1954இல் ஒன்றை ஏற்றார். 1963இல் அதையே விட்டார். 1964இலும் 1966இலும் எல்லாவற்றிலும் பெரியதைத் தனக்கு வேண்டாம் என்றார். ஐந்தும் ஒரே குணத்தின் ஐந்து நிரூபணங்கள் என்றுதான் நமக்குச் சொல்லித்தந்தார்கள். அருகில் போய்ப் பார்த்தால் ஒவ்வொன்றிலும் கணக்கு வேறு.

1940இல் தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டித் தலைவர் தேர்தல். எதிரே நின்றவர் ராஜாஜி தரப்பின் சி.பி. சுப்பையா. காமராஜருக்கு 103 ஓட்டு, சுப்பையாவுக்கு 100. பதவியே வேண்டாம் என்பவர் மூன்று ஓட்டில் முடிகிற தேர்தலில் போய் நிற்கமாட்டார். இன்னொரு விஷயம். அதற்குச் சில வருடம் முன்பு சத்தியமூர்த்தி தலைவராக இருந்தபோது காமராஜர் செயலாளர். இப்போது காமராஜர் தலைவர், சத்தியமூர்த்தி செயலாளர். அரசியலில் தன்னைக் கைபிடித்துக் கூட்டிவந்தவரே தனக்குக் கீழே. நம்மை இன்டர்வியூ செய்து வேலைக்கு எடுத்த ஆள் நமக்கு ரிப்போர்ட் பண்ணுகிற மாதிரி. இதை நினைத்தாலே நம்மில் பலருக்குக் கூச்சமாக இருக்கும். அவர் கூச்சத்தைக் காரணமாக வைத்து ஒதுங்கவில்லை. அந்த வேலை தன்னால் முடியும் என்று நினைத்தார், நின்றார். அதன்பின் பன்னிரண்டு வருடம் கட்சி அவர் கையில்.

அதே வருட இறுதியில், தனிநபர் சத்தியாகிரகப் பட்டியலுக்குக் காந்தியின் ஒப்புதல் வாங்க வார்தா போகும் வழியில் குண்டூரில் கைதானார். வேலூர்ச் சிறை. உள்ளே இருக்கும்போதே, 1941இல், விருதுநகர் நகராட்சிக்கு அவரைத் தலைவராகத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். சொந்த ஊர். படிப்பு நின்றபோது யாரெல்லாம் பரிதாபப்பட்டார்களோ அவர்கள் நடமாடுகிற பஜார். நவம்பரில் விடுதலையாகி வந்தார். நகராட்சிப் பதவியை ராஜினாமா செய்தார். ஒரு பதவிக்கு முழு நியாயம் செய்ய முடியாவிட்டால் அதை ஏற்கக் கூடாது என்பது அவர் காரணம். மாகாணம் முழுக்கச் சுற்றவேண்டியவர் வாறுகாலையும் தெருவிளக்கையும் யார் கவனிப்பது என்று கேட்டால் பதில் சொல்ல முடியாது.

"எனக்குத் தகுதி இல்லை" என்று அவர் சொல்லவில்லை என்பதைக் கவனிக்கலாம். "பதவி கெட்டது" என்றும் சொல்லவில்லை. நாற்காலி கேட்கிற நேரத்தைத் தன்னால் தர முடியாது என்றார். அது தன்னடக்கம் இல்லை, கணக்கு. நகராட்சித் தலைவர் என்ற பெயரை மட்டும் வைத்துக்கொண்டு வேலையை இன்னொருவர் தலையில் கட்டியிருக்கலாம். எங்கள் துறையில் அப்படிப் பெயர் மட்டும் வைத்திருப்பவர்கள் ஃப்ளோருக்கு இரண்டு பேர் உண்டு.

*

சுதந்திரத்தை ஒட்டிய வருடங்களில் சென்னை மாகாணத்தில் யார் முதலமைச்சர் என்பதில் காமராஜரின் கை பெரியது. 1946இல் பிரகாசம், 1947இல் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார், 1949இல் ராஜபாளையத்துக்காரரான பூ.ச. குமாரசாமி ராஜா. ஒவ்வொரு ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் பின்னால் அவர் தெரிவார். நாற்காலியில் அவர் உட்காரவில்லை. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றார்.

இந்த இடத்தைப் படித்தபோது எனக்குச் சுருக்கென்றது. ஏனென்றால் நான் இருப்பது அங்கேதான். டீமில் எந்த முடிவு எடுத்தாலும் "அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுருங்க" என்பார்கள். நான் சொல்வது பெரும்பாலும் நடக்கும். நடந்து தப்பாகிப்போனால் பதில் சொல்வது மேனேஜர். சௌகரியமான இடம். அதிகாரம் உண்டு, ராத்திரி போன் கிடையாது. இதற்குத்தான் இத்தனை நாளாக "பதவி ஆசை இல்லை" என்று பெயர் வைத்திருந்தேன்.

காமராஜருக்கு அந்த இடம் 1954இல் முடிவுக்கு வந்தது. முந்தைய வருடம் ராஜாஜி அரசு கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டம் பள்ளி நேரத்தைக் குறைத்து, மிச்ச நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைப் பழகலாம் என்றது. எதிர்த்தவர்கள் அதற்குக் "குலக்கல்வி" என்று பெயர் வைத்தார்கள். பெரியாரும் தி.மு.க.வும் தெருவில் இறங்கினார்கள். காங்கிரசுக்குள்ளேயே எதிர்ப்பு. ராஜாஜி விலகினார். முன்னால் நிறுத்த இன்னொரு ஆளைக் காமராஜர் தேட முடியாத கட்டம்.

அவர் தயங்கினார். தயங்க நியாயம் இருந்தது. அன்றைய கோட்டையில் ஃபைல் என்றாலே ஆங்கிலம். அவருக்கு முன் அந்த நாற்காலியில் இருந்தவர் ராஜாஜி. சட்டம் படித்தவர், சுதந்திர இந்தியாவின் கவர்னர் ஜெனரலாக இருந்தவர். போட்டியாக நின்ற சி. சுப்பிரமணியம் வழக்கறிஞர். இவருக்கோ ஜவுளிக்கடையும் சிறையும்தான் கல்லூரி. ஏற்பதற்கு முன் அவர் வைத்த நிபந்தனை, மந்திரிசபையை அமைப்பதில் யாரும் தலையிடக் கூடாது என்பது. கட்சி ஒத்துக்கொண்டது. 1954 ஏப்ரல் 13இல் முதலமைச்சரானார்.

அந்த நிபந்தனையை வைத்து அவர் என்ன செய்தார் என்பதுதான் முக்கியம். தன்னை எதிர்த்துப் போட்டியிட்ட சுப்பிரமணியத்தையும், சுப்பிரமணியத்தின் பெயரை முன்மொழிந்த பக்தவத்சலத்தையும் மந்திரிகளாக்கினார். நிதியும் கல்வியும் சுப்பிரமணியம் கையில். காங்கிரசுக்கு வெளியே இருந்த கட்சிகளின் மாணிக்கவேலரும் ராமசாமிப் படையாட்சியும் உள்ளே வந்தார்கள். தாழ்த்தப்பட்ட சமூகத்தைச் சேர்ந்த பரமேஸ்வரனுக்கு இந்து அறநிலையத் துறை. அவரையும் சேர்த்து மொத்தம் எட்டுப் பேர்தான். ராஜாஜி 1952இல் மேலவைக்கு நியமிக்கப்பட்டு முதல்வரானவர். அப்போது நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த காமராஜரோ குடியாத்தம் இடைத்தேர்தலில் நின்று ஜெயித்துச் சட்டமன்றத்துக்கு வந்தார்.

தனக்கு எது வராதோ அதை வரவழைக்க அவர் மெனக்கெடவில்லை. அது வருகிற ஆளைப் பக்கத்தில் உட்காரவைத்தார், அந்த ஆள் நேற்றைய எதிரியாக இருந்தாலும். புள்ளிவிவரமும் சட்ட வாசகமும் அவர்கள் பார்த்துக்கொண்டார்கள். எந்த ஊருக்குப் பள்ளிக்கூடம் இல்லை, எந்த ஊர்ப் பிள்ளை சோறில்லாமல் பள்ளிக்கூடத்துக்கு வரவில்லை என்று இவருக்குத் தெரிந்திருந்தது. கட்சி வேலையாகப் பஸ்ஸிலும் ரயிலிலும் மாட்டுவண்டியிலும் அலைந்த அந்தப் பத்துப் பதினைந்து வருடம்தான் அவருடைய பட்டப்படிப்பு. 1954 மே மாதமே ராஜாஜியின் கல்வித் திட்டம் கைவிடப்பட்டது. 1956இல் தமிழை ஆட்சிமொழியாக்கும் சட்டம் வந்தது. ஆங்கில ஃபைலுக்குத் தயங்கியவருடைய ஆட்சியில் ஃபைலின் மொழியே மாறத் தொடங்கியது.

*

இங்கே என் பெரியப்பாவைக் கொஞ்சம் கூட்டிவர வேண்டியிருக்கிறது.

அவர் சிவகாசிப் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் இருபது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவர். விருதுநகரிலிருந்து சாத்தூர், சிவகாசி, வெம்பக்கோட்டை என்று போகும் ரோட்டில் கருவேல மரங்களுக்கு நடுவே தள்ளித்தள்ளிச் சின்ன அறைகள் தெரியும். ஒன்று வெடித்தால் அடுத்தது பிடிக்கக்கூடாது என்று அந்த இடைவெளி. ஓர் அறையில் இத்தனை பேர்தான் இருக்கலாம், இத்தனை கிலோ மருந்துதான் வைக்கலாம் என்று விதி. தீபாவளி நெருங்கும்போது விதி நெகிழும். அறைக்குள் ஆள் கூடும், மரத்தடியிலும் வேலை நடக்கும்.

அந்த ஆலையில் பதவி உயர்வு என்றால் போர்மேன். சம்பளம் கூடும், ஊரில் மரியாதை கூடும். ஆனால் எங்கள் ஜில்லாவில் பேப்பர் படிக்கிற எல்லோருக்கும் ஒரு வரி மனப்பாடம். விபத்து நடந்த மறுநாள் அந்த வரி வரும்: உரிமையாளர், மேலாளர், போர்மேன் மீது வழக்குப்பதிவு. பெரும்பாலும் முதலில் பிடிபடுவது போர்மேன்தான். 2012 செப்டம்பர் 5இல் முதலிப்பட்டியில் நடந்ததை எங்கள் பக்கத்து ஆட்கள் மறக்கமாட்டார்கள். வெடிச் சத்தம் கேட்டு உதவிக்கு ஓடியவர்களும் செத்தார்கள்.

பெரியப்பாவைப் போர்மேனாக இருக்கச் சொன்னார்கள். அவர் இரண்டு கேள்வி கேட்டார். "அறைக்கு எத்தனை ஆளுன்னு யாரு சொல்றது, நானா நீங்களா? கூட நாலு ஆள் இருந்தா நான் வெளிய அனுப்பலாமா?" முதலாளி சிரித்துக்கொண்டே, "அதெல்லாம் பாத்துக்கிடலாம், முதல்ல கையெழுத்தப் போடுங்க" என்றாராம். பெரியப்பா போடவில்லை. வீட்டில் பெரியம்மா ஒரு மாதம் பேசவில்லை. "கூடக் கெடைக்கிற காச வேணாம்னு வந்திருக்கு பாரு" என்று எல்லோரிடமும் சொன்னாள். பெரியப்பா பதில் சொன்னதில்லை.

அவரையும் நாங்கள் பயந்தாங்கொள்ளி என்றுதான் நினைத்தோம். காமராஜர் 1954இல் வைத்த நிபந்தனையைப் படித்தபிறகுதான் பெரியப்பாவின் கேள்வி எனக்குப் புரிந்தது. ஆளைத் தேர்ந்தெடுக்கிற உரிமை என் கையில் இருந்தால் பொறுப்பும் என்னுடையது. அது இல்லாமல் கையெழுத்து மட்டும் என்னுடையது என்றால் அது பதவி இல்லை, ஜாமீன். காமராஜருக்கு அந்த உரிமை கிடைத்தது, ஏற்றார். பெரியப்பாவுக்குக் கிடைக்கவில்லை, மறுத்தார். இரண்டு பேரும் கேட்டது ஒரே கேள்வி.

*

1963க்கு வருவோம். முந்தைய வருடம் சீன யுத்தம். அந்த வருடம் கிருபளானி, லோகியா, மசானி மூவரும் இடைத்தேர்தல்களில் ஜெயித்து மக்களவைக்கு வந்தது காங்கிரசுக்கு அடி. சென்னையில் 1962 தேர்தலில் தி.மு.க. 50 இடம் பிடித்துவிட்டது. மூத்தவர்கள் பதவியை விட்டுக் கட்சி வேலைக்குத் திரும்பவேண்டும் என்று காமராஜர் நேருவிடம் சொன்னார். அதுதான் "கே பிளான்". ஆறு மத்திய மந்திரிகள், ஆறு முதலமைச்சர்கள் பதவி விலகினார்கள். மொரார்ஜியும் சாஸ்திரியும் ஜெகஜீவன்ராமும் அந்தப் பட்டியலில் உண்டு. யோசனை சொன்னவரும் அக்டோபர் 2 அன்று நாற்காலியை விட்டு எழுந்தார். பக்தவத்சலம் முதல்வரானார்.

இது சரியான முடிவா? எனக்கு இன்றும் சந்தேகம் உண்டு. அவர் போன பின் 1965இல் இந்தி எதிர்ப்புப் போராட்டத்தை அரசு கையாண்ட விதம் ஊரறிந்தது. 1967இல் காங்கிரஸ் தமிழ்நாட்டை இழந்தது, இன்றுவரை திரும்பப் பிடிக்கவில்லை. கோட்டையில் இவர் இருந்திருந்தால் என்று கேட்கிறவர்கள் எங்கள் ஊர் டீக்கடையில் இப்போதும் இருக்கிறார்கள். பதவியை விடுவதற்கும் விலை உண்டு. அந்த விலையை விட்டவர் மட்டும் கொடுப்பதில்லை.

1964 மே 27இல் நேரு மறைந்தபோது காமராஜர் காங்கிரஸ் தலைவர். எல்லோரிடமும் பேசிப்பேசி சாஸ்திரியைக் கொண்டுவந்தார். 1966 ஜனவரியில் சாஸ்திரி தாஷ்கண்டில் இறந்தார். இந்த முறை காமராஜரே வரவேண்டும் என்று கட்சியின் பெரிய தலைவர்கள் சிலர் கேட்டார்கள். இந்தியும் தெரியாது, இங்கிலீஷும் தெரியாது, எப்படி என்று அவர் திருப்பிக் கேட்டதாகச் சொல்வார்கள். இந்திரா காந்தி மொரார்ஜியை 355க்கு 169 என்று தோற்கடித்துப் பிரதமரானார்.

நான் அம்மாவிடம் பெருமையாகச் சொன்னது இந்தப் பதிலைத்தான். ஏனென்றால் என் பயமும் மொழிதான். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் மீடியம். கோடு எழுத என் ஆங்கிலம் போதும். மேனேஜர் ஆனால் வாரம் இரண்டு ராத்திரி வெளிநாட்டு வாடிக்கையாளரோடு ஒரு மணி நேரம் பேசவேண்டும். அதை நினைத்தால் எனக்கு வயிற்றைப் புரட்டும். இதை யாரிடமும் சொல்லமுடியாமல்தான் "நமக்கு எதுக்குங்க" என்றேன். காமராஜரே மொழி தெரியாது என்று ஒதுங்கியிருக்கிறார் என்பது எனக்கு வசதியாக இருந்தது.

ஆனால் மொழிக் குறை 1954இலும் அவருக்கு இருந்தது. அன்று ஏற்றார், 1966இல் மறுத்தார். ஏன்?

எனக்குத் தோன்றியது இது. 1954இல் அவருக்கு வராத மொழி ஃபைலின் மொழி. அவர் பதில் சொல்லவேண்டிய மக்களின் மொழி அவருடைய மொழிதான். 1966இல் அப்படி இல்லை. அடுத்த வருடமே பொதுத்தேர்தல். பிகாரிலும் உத்தரப் பிரதேசத்திலும் மேடை ஏறி, பசியைப் பற்றியும் விலைவாசியைப் பற்றியும் ஜனங்களிடம் நேராகப் பேசவேண்டும். ஃபைலைப் படித்துச் சொல்ல ஒரு சுப்பிரமணியத்தை வைத்துக்கொள்ளலாம். ஜனங்களோடு பேச ஆள் வைத்துக்கொள்ள முடியாது. அதே குறை ஓர் இடத்தில் சமாளிக்கக்கூடியது, இன்னோர் இடத்தில் வேலையின் மையத்தையே தொடுவது. இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்ததுதான் அவர் கெட்டிக்காரத்தனம். 1941இன் அளவுகோல் அப்படியேதான் இருந்தது: அந்த நாற்காலிக்கு என்னால் முழு நியாயம் செய்ய முடியுமா?

அடுத்த வருடம், 1967இல், சொந்த ஊர் விருதுநகரிலேயே தி.மு.க.வின் மாணவர் தலைவர் பெ. சீனிவாசனிடம் 1,285 ஓட்டில் தோற்றார். மொழியும் ஊரும் தன்னுடையதாக இருந்தாலும் உத்தரவாதம் கிடையாது என்பதற்கு அதுவும் ஒரு சாட்சி. 1975இல் அவர் காலமானதும் ஓர் அக்டோபர் 2தான்.

*

என் கேள்விக்கு வருகிறேன். நான் பதில் சொல்லவேண்டிய ஜனங்கள் யார்? டீமில் இருக்கிற பதினொரு பேர். யார் எந்த வேலையில் திணறுகிறார்கள், யாருக்கு வீட்டில் என்ன கஷ்டம், எந்த டெட்லைன் பொய் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். அவர்களுடைய மொழி எனக்குத் தெரியும். வாடிக்கையாளர் கால் என்பது ஃபைல். தண்ணீர் மாதிரி ஆங்கிலம் பேசுகிற இரண்டு பேர் என் டீமிலேயே இருக்கிறார்கள். அதில் ஒரு பெண் இதே பதவிக்கு விண்ணப்பித்திருப்பதாகவும் பேச்சு.

அம்மா முற்றத்தில் உட்கார்ந்து ஒரே வரியில் சொன்னது இதைத்தான். எனக்கு வந்திருப்பது 1954இன் கேள்வி. நான் 1966இன் பதிலைச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

26ஆம் தேதி ராத்திரி பெரியப்பாவுக்கு போன் செய்தேன். மேனேஜர் என்றால் என்ன வேலை என்று கேட்டார். முடிந்தவரை சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்.

"கையெழுத்து யாருது?"

"என்னுதுதான் பெரியப்பா."

"அப்ப ஆள் கணக்கும் ஒன்னுதா இருக்கணும். அத மொதல்லயே கேட்டுரு. ஏறி ஒக்காந்த பெறகு கேட்டா சிரிப்பாங்ஙெ."

மறுநாள் விண்ணப்பத்தை நிரப்பினேன். ஏன் இந்தப் பதவி என்ற கட்டத்தில் நான்கு வரி. கடைசியாக, வேறு ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா என்று ஒரு கட்டம் இருந்தது. எல்லோரும் காலியாக விடுகிற கட்டம். டீமில் எத்தனை பேர், யார் யார் என்ற முடிவும், முடியாத தேதிக்கு முடியாது என்று சொல்லும் உரிமையும் மேனேஜரிடம் இருக்குமா என்று கேட்டு எழுதினேன். என் ஆங்கிலத்தில்தான் எழுதினேன். இரண்டு இடத்தில் இலக்கணம் இடறியது. திருத்திவிட்டு அனுப்பினேன்.